கோட்டின் மேல் நின்ற பத்துப் பேர்

சுடலைவடிவு கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பாக்கி இரண்டு லட்சத்துப் பதிமூன்றாயிரத்து அறுநூறு ரூபாய். அன்றைக்கு மத்தியானம் உப்பளத்திலிருந்து வந்து, கால்விரல் இடுக்கில் ஒட்டியிருந்த உப்பைக் கழுவிவிட்டு, போனில் வந்திருந்த நோட்டீசை எழுத்துக் கூட்டிப் படிக்கும்போதுதான் அந்தத் தொகை அவளுக்கே முழுசாகத் தெரிந்தது.

"ஏளா, சத்தமாப் படி. கடன் உனக்குன்னாலும் அதைத் தின்னது ரெண்டு வாயிதான," என்றான் பொன்னுச்சாமி கட்டிலில் இருந்தபடி.

முன்பெல்லாம் போனில் வருவதை அவன்தான் வாசித்துச் சொல்வான். இருபத்திரண்டு வருசம் அளத்து வெள்ளையைப் பார்த்துப் பார்த்து அவன் கண் அவிந்துபோன பிறகு, வீட்டில் வாசிக்க ஆளில்லாமல் போயிற்று. நாற்பத்து நாலாவது வயதில் வடிவு வாசகசாலைக்குப் போய் அனா ஆவன்னாவில் ஆரம்பித்தாள். இப்போது நாலு வருசம் ஆகிறது. மெதுவாகத்தான் படிப்பாள், ஆனால் ஒரு எழுத்தையும் தாண்ட மாட்டாள்.

மழை இரண்டு மாதமாகச் சுருங்கி வெயில் பத்து மாதமாக நீண்டுபோன காலம் அது. தூத்துக்குடிக்குத் தெற்கே அளங்களில் அப்போது சாப்பாட்டு உப்பு விளைவதில்லை. கடல்நீரைக் காய்ச்சி பேட்டரிக்கான சாரவுப்பை இறக்கினார்கள். எந்த இயந்திரத்தைப் பாத்திக்குள் இறக்கினாலும் ஒரே பருவத்தில் அரித்துத் தின்றுவிடும் சாரம். மனுசக் காலைத் தின்ன அதற்குக் கொஞ்சம் கூடுதல் காலம் பிடித்தது. அதனால் மனுசர்களை வைத்துக்கொண்டார்கள்.

வேலைக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு காப்பு. காலையில் காப்பை மாட்டியதும் தொள்ளாயிரம் ரூபாய் முன்பணமாகப் போனில் விழுந்துவிடும். இருபத்தைந்து கிலோ உப்புப் பெட்டியைத் தலையில் தூக்கி மேட்டில் கொட்டக் கொட்ட, காப்பு எண்ணிக்கொண்டே இருக்கும். மத்தியானம் வேலை முடிந்ததும் கம்பெனியின் கம்ப்யூட்டர் எல்லோருடைய எண்ணிக்கையையும் வைத்து ஒரு ஹிஸ்டோகிராம் வரையும். படித்தவர்கள் சொல்லும் பேர் அது. அளத்தில் அதற்குத் தூண்படம் என்று பேர். முதல் தூண் இருபது பெட்டி வரை, இரண்டாம் தூண் இருபது முதல் நாற்பது வரை, அப்படியே எண்பது வரை நாலு தூண். நாலாம் தூணில் நிற்கிறவருக்குத் தொள்ளாயிரமும் சொந்தம். மூன்றாம் தூண் என்றால் அறுநூறுதான் கூலி, மிச்சம் முந்நூறு கடனாக ஏறிவிடும். இரண்டாம் தூண் என்றால் கடன் அறுநூறு.

கடனுக்கும் அதே மாதிரி ஒரு தூண்படம் இருந்தது. அதைப் பற்றித்தான் நோட்டீஸ்.

"நாலாம் தூண், ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து ஐந்நூறு முதல்," என்று வடிவு படித்தாள். "நாலாம் தூணுக்கு வருவோர் மூன்று ஆண்டுகள் கடல்மேடைப் பணிக்கு அனுப்பப்படுவர்."

கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் நிற்கிறது அந்த மேடை. போனவர்கள் திரும்பி வந்ததுண்டு. மூன்று வருசத்தில் திரும்பி வந்தவர்கள் கிடையாது. அங்கே சோற்றுக்கும் தண்ணீருக்கும் தனிக் கடன்.

"இன்னும் எம்புட்டு இருக்கு?"

"தொள்ளாயிரம்."

"அப்ப மூணு நாளு." பொன்னுச்சாமி கூரைப் பக்கம் முகத்தைத் தூக்கினான், பார்வை இருந்த காலத்துப் பழக்கத்தில். "நான் வாசலுக்கும் கக்கூசுக்கும் தடவிப் போயிருவேன். உலை வைக்கத்தான் தெரியாது. நீ போறதுக்குள்ள அதைச் சொல்லிக் குடுத்துரு."

"வாய மூடும். நான் எங்கயும் போவல."

அவன் சொன்ன கணக்கு அவள் மனசில் முள் மாதிரி நின்றது. மூணு நாள். அதெப்படி அவ்வளவு துல்லியமாக மூணு நாள்? நோட்டீசை மறுபடி கீழே தள்ளிப் பார்த்தாள். எழுநூற்றுப் பன்னிரண்டு நாள் வேலை பார்த்திருக்கிறாள். எழுநூற்றுப் பன்னிரண்டு நாளும் முந்நூறு முந்நூறாகவே ஏறியிருக்கிறது. ஒரு நாளும் அறுநூறு ஏறவில்லை. ஒரு நாளும் ஏறாமல் விடவுமில்லை. காய்ச்சலோடு சுமந்த நாளும் உண்டு, நல்ல உடம்போடு சுமந்த நாளும் உண்டு. எல்லாம் ஒரே விலைக்கா போகும்?

அவள் செட்டில் பத்துப் பெண்கள். அந்தச் செட்டே இப்படித்தான் கடனில் கிடந்தது. "காப்பு தினமும் ஒரு பெட்டியைத் தின்னுருது," என்பதுதான் பத்துப் பேரும் சேர்ந்து கண்டுபிடித்து வைத்திருந்த காரணம். மேஸ்திரியிடம் கேட்டால், "வேகம் பத்தாது, மூணாம் தூண்லயே நிக்கீங்க," என்பான்.

வடிவு அன்றைக்கே இ-சேவை மையத்துக்கு நடந்தாள்.

மையத்தை நடத்துகிற ஜெபக்கனிக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். சாதிச் சான்று, பட்டா நகல் என்று காலையிலிருந்து பிரிண்டரோடு மல்லுக்கட்டி அலுத்துப்போயிருந்தாள். காப்பு மாட்டியவர் தன் எண்ணிக்கையைத் தானே எடுத்துப் பார்க்கலாம் என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொண்டு அதுவரை யாரும் அந்த வாசலில் வந்து நின்றதில்லை.

"எடுத்துத் தாரேன் யக்கா. பேப்பர்ல அடிச்சுத் தரவா?"

"பேப்பர் வேண்டாம். கம்பெனிக்காரன் தூண்படம் எதுல வரையுதான்?"

"ஆர்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி. கணக்குப் போடுறதுக்குன்னே உள்ளது. காசில்லாம யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாம். இதுலயும் இருக்கு."

"இங்கிலீசா?"

"முன்ன இங்கிலீசுதான். இப்பத் தமிழ்ல அடிச்சாலும் கேட்டுக்கிடும்."

"அப்ப நானே அடிக்கேன். நீ என்ன அடிக்கணும்னு மட்டும் சொல்லு."

ஜெபக்கனி சிரித்தாள். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள். வடிவு உட்கார்ந்து, ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். உப்பில் வெடித்த விரல் என்பதால் தொடுபலகை சிலசமயம் அவள் தொடுவதை ஒத்துக்கொள்ளவில்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து அடித்தாள்.

முதலில் எண்களைக் காட்டச் சொன்னாள். திரை முழுக்க அறுபது வந்தது. அறுபது, அறுபது, அறுபது. கீழே தள்ளத் தள்ள அறுபது. எழுநூற்றுப் பன்னிரண்டு அறுபது.

"காப்பு ஒரு பெட்டியும் திங்கல," என்றாள் வடிவு மெல்ல. "பாவம், மூணு வருசமா அதைத் திட்டிக்கிட்டுக் கிடந்தோம்."

"எப்படி யக்கா ஒரு நாளும் கூடக் குறைய வரல? மனுசர் சுமக்குற கணக்கு இப்படியா இருக்கும்?"

"எங்க செட்டு அப்படி." வடிவு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "ஒரு செட்டுக்கு ஒரு நாளைக்கு அறுநூறு பெட்டிதான் பாத்தியில கிடைக்கும். மத்த செட்டுல முந்துறவ தூக்குவா. ஒருத்தி எழுபத்தஞ்சு, ஒருத்தி நாப்பது. காப்பு வாறதுக்கு முன்னால நாங்களும் அப்படித்தான் இருந்தோம். செல்லக்கனின்னு ஒருத்தி எழுபத்து நாலாவது பெட்டியோட பாத்தியிலயே விழுந்து செத்துப்போனா. வெயிலு. அவளை எடுத்துப் போட்டுட்டு வந்து மிச்சம் பத்துப் பேரும் பேசுனோம், இனிமே ஆளுக்கு அறுபதுன்னு. முடியாதவளுக்கு முடிஞ்சவ கூட நின்னு தூக்கி விடுவா. அறுபதுல எல்லாரும் ஒண்ணா நிறுத்திருவோம்."

அடுத்த வரியை அடித்தாள்.

தூண்படம் (பெட்டிகள், வெட்டு = 0, 20, 40, 60, 80)

திரையில் ஒரே ஒரு தூண் எழுந்தது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில், மூன்றாவது இடத்தில், தனிப் பனை மாதிரி நின்றது.

"அறுபது முதல் எண்பதுன்னுதான நாலாம் தூணுக்குப் போட்டிருக்கான்? என் அறுபது ஏன் இங்க நிக்குது?"

ஜெபக்கனிக்கும் புரியவில்லை. குனிந்து உதவிப் பக்கத்தைத் திறந்து தனக்குள் முணுமுணுத்துப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள். "கோட்டுப் பிரச்சினை யக்கா. நாப்பத்தஞ்சுன்னா எந்தத் தூண்னு சந்தேகமே இல்ல. அறுபதுங்கிறது ரெண்டு தூணுக்கும் நடுவுல உள்ள கோட்டு மேலயே நிக்குது. அதை இந்தப் பக்கம் சேக்கவா அந்தப் பக்கம் சேக்கவான்னு நாமதான் சொல்லணும். ஒண்ணும் சொல்லாம விட்டா அது இடது பக்கத்துல, கீழ்த்தூண்ல போட்டுரும்."

"யாரு அப்படிப் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அதான் விசயமே. எழுதுனவன் அந்த இடத்தை ஒண்ணும் சொல்லாம விட்டுட்டான்."

வடிவுக்குச் சப்பென்று போயிற்று. எவனாவது ஒருத்தன் கெட்ட புத்தியில் செய்திருந்தால் அவனை நினைத்து வயிறெரியலாம். ஒன்றுமே சொல்லாமல் விட்டவனை என்ன செய்ய?

"அந்தப் பக்கம் சேக்கணும்னா என்ன அடிக்க?"

"வலம், சமம் குறி, இல்லை. வலது கோட்டைத் தூணோட சேக்காதன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

அடித்தாள். தூண் மூன்றாவது இடத்திலிருந்து காணாமல் போய் நாலாவது இடத்தில் எழுந்து நின்றது. அதே உயரம், அதே நிறம். 'இல்லை'யை எடுத்துவிட்டு 'ஆம்' என்று போட்டாள். பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி 'இல்லை'. பத்துத் தடவையாவது மாற்றி மாற்றிப் போட்டிருப்பாள். மூணு வருசம் கழுத்து நரம்பு புடைக்கச் சுமந்த அத்தனை உப்பும் ஒரு சொல்லுக்கு அங்கேயும் இங்கேயும் தாவிக்கொண்டிருந்தது.

"இதை மாத்துனா இனிமே வாறதுக்குத்தான் மாறுமா? பழசு?"

"படத்துக்குப் பழசு புதுசெல்லாம் கிடையாது யக்கா. ஒவ்வொரு தடவ வரையும்போதும் முத நாளுல இருந்து திரும்ப எண்ணும்."

"மத்த செட்டுக்காரங்களுக்கு ஏன் இது தெரியாமப் போச்சு?"

ஜெபக்கனி யோசித்தாள். "அவங்க அடிச்சுப் பிடிச்சுத் தூக்குதவங்க. அறுபத்தெட்டுல நிப்பாங்க, அம்பத்தொண்ணுல நிப்பாங்க. சரியாக் கோட்டு மேல வந்து நின்னது நீங்க பத்துப் பேருதான்."

மறுநாள் வேலை முடிந்ததும் வடிவு அளத்து ஆபீசுக்குப் போனாள். பாக்கி அதற்குள் இரண்டு லட்சத்துப் பதிமூன்றாயிரத்துத் தொள்ளாயிரம். மேலாளர் ஞானதிரவியம் ஏசியின் நேர்க்காற்றில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கெட்ட மனுசர் இல்லை. யார் பிள்ளைக்குக் கல்யாணம் என்றாலும் மொய் எழுதுவார். கம்ப்யூட்டர் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார், அவ்வளவுதான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அறுபது, கோடு, இடது பக்கம், ஒரு சொல். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்தா பாரும்மா. கோட்டுல நின்னா கீழ்த்தூண்தான். பரீட்சையில முப்பத்தஞ்சு எடுத்தாப் பாஸ்னா..."

"முப்பத்தஞ்சு எடுத்தாப் பாஸ்தான் சார்."

அவர் குரலை உயர்த்தினார். "அது பள்ளிக்கூடம். இது கம்பெனி. கூலிக்கு, கடனுக்கு, லீவுக்கு, எல்லாத்துக்கும் இங்க ஒரே விதி. உனக்காக ஒரு விதி, இன்னொருத்திக்கு ஒரு விதின்னு வைக்க முடியுமா? ரெண்டெழுத்துப் படிச்சதும் கம்பெனிக்கே கணக்குச் சொல்லித் தர வந்துட்ட."

"எல்லாத்துக்கும் ஒரே விதின்னா சரி சார். அதை எழுதித் தாங்க."

"எதுக்கு?"

"எங்க செட்டுல கேப்பாங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

அவளை வெளியே அனுப்பினால் போதும் என்று அவர் போனில் தட்டி அனுப்பினார். வராந்தாவில் நின்று அவள் அதை எழுத்துக் கூட்டினாள். 'வரம்புக் கோட்டில் அமையும் எண் கீழ்த்தூணையே சேரும். கம்பெனியின் எல்லாக் கணக்குகளுக்கும் இதுவே விதி.' இரண்டு தடவை படித்தாள். 'எல்லாக் கணக்குகளுக்கும்' என்ற இடத்தில் விரல் நின்றது. விரலை எடுக்காமலே மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். நாளைக்கு ஒரு முந்நூறு. நாளன்றைக்கு ஒரு முந்நூறு. எங்கே போய் நிற்கும் என்பது தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த நாள் வேலை முடிந்து, பாக்கி இரண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து இருநூறாகிவிட்ட பிறகு, பத்துப் பேரும் கொட்டகையில் தூக்குவாளியைத் திறந்து வைத்து உட்கார்ந்தார்கள். விசயத்தைக் கேட்டதும் மாரிசெல்விக்கு ரத்தம் கொதித்தது. செட்டிலேயே பலசாலி அவள். இருபத்தெட்டு வயசு.

"அப்ப மூணு வருசமா நம்ம கையாலேயே நம்ம கண்ணக் குத்திக்கிட்டோம். ஒரு பெட்டி, ஒரே ஒரு பெட்டி கூடத் தூக்கியிருந்தா முழுக்கூலி."

"அறுநூறைப் பத்தால வகுத்தா அறுபதுதாம்ட்டி வரும்," என்றாள் இசக்கியம்மாள். அவள்தான் அங்கே மூத்தவள். "கூட ஒண்ணு எங்கிட்டு இருந்து வரும்? ஒங்க அப்பன் வீட்டுல இருந்தா?"

"நான் சொல்லுதேன் கேளு பெரியம்மா. ஒம்பது பேரு அறுபத்தொண்ணு தூக்குவோம். ஒருத்தி அம்பத்தொண்ணோட நிறுத்திக்கிடுவா. ஒம்பது பேருக்கு முழுக்கூலி, ஒருத்திக்குத்தான் முந்நூறு கடன். தினம் ஒருத்தியா முறை வச்சுக்கிடலாம். நாளைக்கு முத முறை என்னுது. வடிவு மதினி அறுபத்தொண்ணு தூக்கட்டும். கடன் ஏறாது, மேடைக்குக் கப்பலும் இல்ல."

எல்லோரும் வடிவைப் பார்த்தார்கள். நல்ல யோசனைதான். வடிவுக்கும் முந்தின ராத்திரி அது தோன்றியிருந்தது.

"நல்ல வழிதான் செல்வி. ஆனா ரெண்டு லட்சம் அப்படியே என் தலை மேல நிக்குமே. கோட்டுக்கு முந்நூறு ரூவா தள்ளிக் காலம் முழுக்க நடுங்கிக்கிட்டு நிக்கணும். ஒரு நாளு காய்ச்சல்ல ரெண்டாம் தூணுக்கு இறங்குனாக் கப்பல். உனக்கும் ஒண்ணரை லட்சம் நிக்குது. நாளைக்கு நீயும் இங்கதான் வந்து நிப்ப."

"அதுக்காகத் தானாப் போயி ஏறணுமா?"

"நாளைக்கு நான் அறுபது தூக்குவேன். பாக்கி ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து ஐந்நூறுல போய் நிக்கும். சரியாக் கோட்டு மேல. கோட்டுல நின்னாக் கீழ்த்தூணுன்னு அந்த ஆளே எழுதித் தந்திருக்காரு." போனை எடுத்துக் காட்டினாள். "மூணாம் தூண்ல நிக்கிறவளைக் கப்பல்ல ஏத்த கம்ப்யூட்டர் விடாது."

"நாளன்னைக்கு?" என்றாள் இசக்கியம்மாள்.

"நாளன்னைக்கு வரைக்கும் அவங்க பொறுக்க மாட்டாங்க பெரியம்மா. நாளைக்குக் கப்பல்ல பத்துப் பேரு ஏத்தணும்னு மேல இருந்து சொல்லியிருக்காம். மேஸ்திரி சொன்னான். ஒம்பது ஆளு பேரு போயிருச்சு. பத்தாவது நான்."

"அதனால?"

வடிவு கஞ்சியைக் குடித்து முடித்தாள். "நாளைக்கு எனக்கு ஒரு பெட்டி கூடவும் வரக் கூடாது, குறையவும் கூடாது. அதை மட்டும் பாத்துக்கிடுங்க."

சொன்னபடி கேட்கிற செட்டுதான். ஆனால் மூன்றாம் நாள், தன்னுடைய ஐம்பத்தொன்பதாவது பெட்டியைக் கொட்டிவிட்டு வந்த மாரிசெல்விக்கு மனசு கேட்கவில்லை. வடிவு அறுபதையும் முடித்துவிட்டு மேட்டோரம் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். மாரிசெல்வி கடைசிப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் தலையருகே நீட்டினாள். கண் கலங்கியிருந்தது.

"தூக்கிரு மதினி. ஒரே ஒரு பெட்டி. நீ சொல்லுறது தப்பாப் போயிருச்சுன்னா உன்னைக் கடல்ல எங்க போய்த் தேட? அண்ணன் என்ன செய்வாரு?"

வடிவு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பெட்டி தலைக்கு ஏறினால் கொட்டத்தான் வேண்டும், கொட்டினால் காப்பு எண்ணிவிடும்.

"கொண்டு போட்டி அங்கிட்டு."

"மதினி..."

"ஏட்டி, மூணு வருசத்துல ஒரு நாளு கூட எனக்கு ஒரு பெட்டி இனாமாத் தராதவ, இன்னைக்குன்னு பாத்துத் தாரா. கொண்டு போயிக் கொட்டு, போ."

மாரிசெல்வி அழுதுகொண்டே சிரித்து, சிரித்துக்கொண்டே போய்க் கொட்டினாள். அறுபது.

ஆபீஸ் வாசலில் வேன் நின்றது. அதற்குள் ஒன்பது பேர் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள், வேறு வேறு செட்டு. வடிவு உள்ளே போனபோது ஞானதிரவியம் திரையைத் தட்டிக்கொண்டும் போனில் சத்தம் போட்டுக்கொண்டும் இருந்தார். சென்னைத் தலைமை ஆபீசில் புரோகிராமர் ஒருவன் ஸ்பீக்கரில் இருந்தான். குரலைக் கேட்டால் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியவன் மாதிரி இருந்தது.

"சார், சிஸ்டம் சரியாத்தான் சொல்லுது. சுடலைவடிவு, பாக்கி ரெண்டு பதினாலு ஐந்நூறு, மூணாம் தூண். டிக்கெட் போடாது."

"நோட்டீசுல ரெண்டு பதினாலு ஐந்நூறு முதல் நாலாம் தூண்னு இருக்கே?"

"எட்ஜ்ல நிக்கிறாங்க சார். எட்ஜை லெஃப்ட்ல சேர்க்கிற மாதிரி இருக்கு. அதை ரைட்டுக்கு மாத்துனா நாலாம் தூணுக்கு வந்துடுவாங்க. ஒரு வார்த்தைதான்."

"மாத்து."

"சார்," என்றாள் வடிவு. "முந்தாநாளு எனக்கு வேற மாதிரி எழுதித் தந்தீங்க."

"அது முந்தாநாளு."

"எல்லாத்துக்கும் ஒரே விதின்னு சொன்னீங்க. கொஞ்சம் யோசிச்சுக்கிடுங்க சார்."

"நீ எனக்கு யோசிக்கச் சொல்லித் தராத. கப்பல் கிளம்பப் போவுது." போனுக்குத் திரும்பினார். "தம்பி, மாத்துப்பா."

"இந்த வரி எல்லா டேபிளுக்கும் பொது சார். காரணம் எழுதினாத்தான் சேவ் ஆகும். உங்க பேர்லதான் போகும். என்ன போட?"

ஞானதிரவியம் நெற்றியைத் தடவினார். "போடு. வரம்புக் கோட்டில் அமையும் எண் மேல்தூணையே சேரும்."

"ஓகே சார். ஒரு நிமிசம், மொத்தமும் திரும்ப ஓடும்."

அந்த ஒரு நிமிசம் வடிவு நின்ற இடத்திலேயே நின்றாள். கால் வலித்தது. உட்காரச் சொல்ல அங்கே யாருமில்லை. ஜன்னல் வழியாக வேனுக்குள் இருப்பவர்களைப் பார்த்தாள். ஒருத்தி தலையை வெளியே நீட்டி, எப்போது கிளம்பும் என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரையில் அவள் பேர் இருந்த வரி ஒரு முறை மங்கி மறுபடி தெளிந்தது. எழுநூற்றுப் பதினைந்து நாளும் நாலாம் தூண். எழுநூற்றுப் பதினைந்து நாளும் முழுக்கூலி. பாக்கி: 0. அதற்குக் கீழே மாரிசெல்வி, பாக்கி 0. இசக்கியம்மாள், பாக்கி 0. ஒவ்வொரு வரியாக மங்கி, ஒவ்வொரு வரியாகத் தெளிந்து, பத்துப் பேரும் கடன் படத்தின் முதல் தூணுக்கு இறங்கினார்கள்.

ஞானதிரவியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். "தம்பி. இது என்னப்பா?"

"அதான் சார், கூலி டேபிளும் இதே வரிதான. அறுபது பெட்டி எட்ஜ்ல நின்னவங்க மேல போயிட்டாங்க. பத்துப் பேரு. மொத்தம் பதினேழு லட்சத்து நாப்பதாயிரத்து முந்நூறு தள்ளுபடி."

"திருப்பிப் போடு."

"போடலாம் சார். காரணம் எழுதணும்." ஸ்பீக்கரில் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. "மேல்தூணையே சேரும்னு ரெண்டு நிமிசத்துக்கு முன்னால உங்க பேர்ல பதிவாயிருக்கு. தொழிலாளர் துறைக்கும் ஒரு காப்பி தானாப் போயிருக்கும். இப்ப கீழ்த்தூணையே சேரும்னு இன்னொண்ணு போனா, ஏன்னு கேப்பாங்க. நான் என்ன காரணம் போடட்டும்?"

மேலாளர் போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தார். புரோகிராமர் இரண்டு தடவை ஹலோ சொல்லிப் பார்த்தான்.

"உனக்கு இது முன்னாடியே தெரியும்," என்றார் அவர் கடைசியில், வடிவைப் பார்த்து. கோபத்தை விட ஆச்சரியம்தான் அந்தக் குரலில் அதிகம் இருந்தது.

"முந்தாநாளே உங்ககிட்டதான சார் வந்து சொன்னேன். நீங்க அன்னைக்கே மாத்தியிருந்தா இந்தப் பேச்சே இல்ல."

அவள் வெளியே வந்தபோது வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. தலையை நீட்டியிருந்தவள் அவளைப் பார்த்து, "நீ ஏறலையாக்கா? பத்துப் பேருன்னாங்களே," என்றாள். நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு என்று தூக்கியவர்கள் அவர்கள். அறுபத்தெட்டு தூக்கியவள் பக்கத்துப் பாத்தியில் இருந்ததால் அறுபதுக்கு வராமல் போனவர்கள். கோட்டை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அவர்களுடைய தூண் மாறாது. வடிவு வேனோடு நாலு எட்டு நடந்தாள்.

"உன் செட்டுல எத்தனை பேரு?"

"பத்துத்தான்."

"மிச்சம் இருக்கிறவங்களை எங்க கொட்டகைக்கு வந்து என்னைப் பாக்கச் சொல்லு. சுடலைவடிவுன்னு கேட்டாச் சொல்லுவாங்க. மறந்துராத."

வேன் உப்புப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

வீட்டில் பொன்னுச்சாமி வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். செருப்புச் சத்தத்தை வைத்து அவளைக் கண்டுபிடித்தவன், நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்கார்ந்து, காலை நீட்டி, போனை எடுத்தாள். மூன்று வருசமாகத் தினந்தினம் கைக்கு வந்து, அரிசியாகவும் கண்சொட்டு மருந்தாகவும் செலவான காசு. அதெல்லாம் கடன் இல்லை, அவள் கூலிதான் என்று அதில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி, ஒரு எழுத்தையும் தாண்டாமல், முழுசாக வாசித்துக் காட்டினாள்.

"கடேசியில பாக்கி எம்புட்டுன்னு போட்டிருக்கான்?"

"சுழி."

"சுழின்னா எத்தனை சுழி? முன்ன பின்ன ஒண்ணும் இல்லையே? நல்லாப் பாத்துச் சொல்லுட்டி."

வடிவு போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள். "தனியா நிக்குது."